தாடி ஒட்டாத வருடம்

நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள். மேடை எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் எந்த விழா வந்தாலும் அதிபர் முதலில் என்னைத்தான் தேடுவார். தேடவேண்டும் என்றுதான் நானும் எதிர்பார்ப்பேன். நாலு துணியும் இரண்டு விளக்கும் பத்துப் பிள்ளைகளும் தந்தால், ஒரு மணித்தியாலத்துக்குச் சனத்தை அசையாமல் இருத்திவைக்க என்னால் முடியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்.

எங்கள் பள்ளிக்கூடம் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் இருக்கிறது. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் வாவி. தமிழ்ப் பிள்ளைகள், காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வருகிற முஸ்லிம் பிள்ளைகள், ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், வேலை மாற்றத்தில் வந்த சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். ஆகவே, பல பண்பாடுகளையும் கொண்டாடும் ஒரு நாளை ஆண்டுதோறும் நடத்துவோம் என்று அதிபர் சொன்னபோது எனக்கு அதில் புதிதாக யோசிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் வழமைபோல மேடை கட்டினேன்.

முதல் வருட நிகழ்ச்சி நன்றாகத்தான் இருந்தது. திரை விலகியதும் நாலு பக்கத்திலிருந்தும் நாலு பிள்ளைகள் நடந்து வந்தார்கள். ஒருவன் தலைப்பாவும் மண்வெட்டியுமாக. ஒருத்தி சிங்களப் பெண்களின் ஒசரி உடுத்து, கையில் வெற்றிலைக் கட்டுடன். ஒருவன் கறுத்தக் கோட்டும் தொப்பியுமாக பைலா ஆடிக்கொண்டு. இன்னொருவன் வெள்ளைத் தொப்பி போட்டு, நான் சணலில் செய்து ஒட்டிய தாடியுடன், வட்டிலப்பத் தட்டை ஏந்திக்கொண்டு. அந்தக் கடைசிப் பிள்ளை நாவற்குடாத் தமிழ்ப் பையன், எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவன். நன்றாக நடிப்பான் என்பதால் அவனை எடுத்தேன். நாலு பேரும் நடுவில் சந்தித்துக் கை கோத்ததும் மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அதிபர் மேடைக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லாரும் போனபிறகு உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். காத்தான்குடியில் இருந்து தரம் ஏழுக்கு வருகிற மகளின் உம்மா. வயது என்னைவிட ஐந்தாறு குறைவாக இருக்கும். கணவர் கட்டாரில் வேலை, அவர் வீட்டில் தையல் நடத்துகிறார் என்று மகள் சொல்லித் தெரியும். பாட்டெல்லாம் நன்றாக இருந்தது என்று முதலில் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒண்டு கேட்டா கோவிக்கமாட்டீங்களே ரீச்சர்? என்ட மகள் மூணாவது வரிசையில இரிந்தவ. அவட வகுப்புலயே நாலு முஸ்லிம் புள்ளையள் இரிக்காங்க. அப்ப எங்கள நடிச்சுக் காட்ட வேறொரு புள்ளக்கித் தாடி ஒட்டினது ஏன்?”

பிள்ளைகளை மேடையேற்ற அவர்கள் வீட்டில் விரும்பமாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

“விரும்பமாட்டம்தான். நீங்க கேட்டிரிந்தா இல்லண்டுதான் சொல்லிரிப்பன். ஆனா கேட்டிரிக்கணும்.”

அவ்வளவுதான். சலாம் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பெட்டியை மூடுவதற்குள் மனதுக்குள் அவருக்குப் பத்துப் பதில் சொல்லி முடித்தேன். எத்தனை நாள் நித்திரை முழித்து ஒத்திகை பார்த்தேன், எத்தனை பேர் கைதட்டினார்கள், இவர் ஒருவருக்குத்தானே பிழையாகத் தெரிந்தது, என்று.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டே, அந்த மனுசி கேட்டதில் என்ன பிழை என்று கேட்டார். அன்றைக்கு அவரோடும் கதைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடத்து வட்ஸ்அப் குழுவில் வந்த படங்களைப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் நின்று சபையை எடுத்த ஒரு படத்தில் அந்த மகளின் முகம் பாதி தெரிந்தது. அவளைச் சுற்றி எல்லாப் பிள்ளைகளும் மேடையைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அவள் குனிந்து சப்பாத்து வாரைச் சரி செய்துகொண்டிருக்கிறாள். அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எனக்குக் கோபம் மிஞ்சவில்லை. நான் செய்தது பிழை என்று ஒப்புக்கொள்வது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த வருடம் அதிபர் கூப்பிட்டு, போனமுறை மாதிரியே செய்துவிடுங்கள் என்றார். இந்த முறை மேடை இல்லை என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், அவர்களை எங்கே இருத்துவது, என்னத்தைக் காட்டுவது என்று கேட்டார். தரம் எட்டுப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே போய்க் கேட்கப்போகிறேன், அவர்கள் சொல்கிறதைத்தான் செய்வோம் என்றேன். வீடு வீடாகவா என்று கேட்டார். ஓம் என்றேன். சரி, ஆனால் மண்டபத்தையும் ஒருபக்கம் ஆயத்தமாக வைக்கிறேன், எதற்கும் உதவும் என்றார். அவருடைய பயம் எனக்கு விளங்கியது. நான் பயப்படவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாவிட்டாலும், எங்கே தொடங்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். பிரதான வீதியின் நடுவில் நிற்கிற பேரீச்ச மரங்களைத் தாண்டி, கடற்கரைப் பக்கமாகத் திரும்புகிற ஒரு ஒழுங்கையில் அந்த வீடு. முன் அறையில் மூன்று தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் அவர் எழும்பி வந்தார். வந்த காரணத்தை நான் சொல்லத் தொடங்குமுன்பே தேத்தண்ணியும் ஒரு தட்டு நிறையப் பலகாரமும் வந்துவிட்டன. சாப்பிட்டு முடிக்கும்வரை விஷயத்தைப் பேச அவர் விடவில்லை.

பிறகு நான் கேட்டேன். போன வருடம் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை, அது என் பிழை, இந்த வருடம் கேட்கிறேன் என்றேன்.

“இல்லண்டு சொல்லட்டா?” என்று கேட்டுவிட்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சில நிபந்தனைகள் வைத்தார். மேடையில் ஏறமாட்டார். மைக் பிடிக்கமாட்டார். தன் படம் பேஸ்புக்கில் வரக்கூடாது. ஒரு வகுப்பறையில் மேசை போட்டுத் தந்தால் வந்து இருப்பார். பிள்ளைகள் கிட்ட வந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தெரிந்ததைச் சொல்வார், தெரியாவிட்டால் தெரியாது என்பார். நடிப்பதற்கு எதுவும் இல்லை. நான் ஸ்கூட்டிக்குத் திரும்பி வரும்போதே முழு நிகழ்ச்சியும் என் மனதில் தயாராகிவிட்டது. ஒவ்வொரு வகுப்பறையிலும் இரண்டு மூன்று குடும்பங்கள், சுற்றிவரப் பிள்ளைகள், கேள்விகள். பின்னால் அதிபர் என்னைப் பாராட்டியபோது, இது என் யோசனை இல்லை, அந்த உம்மாவின் நிபந்தனை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டாவதாகப் போனது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேசை கதிரை செய்து தருகிற தச்சரிடம். அவர் பறங்கிக் குடும்பத்தவர், அவருடைய மகனும் தரம் எட்டு. பட்டறையில் ஒரு அலுமாரிக் கதவுக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன்பே கையை உயர்த்தினார். எல்லாரும் தன்னிடம் வந்து ஆடச் சொல்லித்தான் கேட்பார்கள், ஆனால் இப்போது தவக்காலம், உயிர்த்த ஞாயிறு வரும்வரை வீட்டில் வயலின் பெட்டியைக்கூடத் திறக்கமாட்டோம் என்றார். ஆடவேண்டாம், சும்மா வந்து இருங்கள் என்றேன். சும்மா இருப்பதற்கா என்று நம்பாமல் கேட்டார். பிள்ளைகளோடு கதைக்க என்றேன். சீவுளியைத் துடைத்து வைத்துவிட்டு, கதைக்கிறதென்றால் தன் மனைவி தன்னை நிறுத்தத்தான் கஷ்டப்படுவாள் என்றார்.

நாள் குறிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா. ஞாயிறு பூசை. நோன்பு மாதத்தில் வைக்கமுடியாது. அறுவடை முடியாமல் வயல் பக்கத்துக் குடும்பங்கள் வரமாட்டா. பெரிய கிழமையில் தேவாலயக்காரர் வரமாட்டார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு லீவு விட்டுவிடுவார்கள். ஆசிரியர் அறையில் நாலு கலண்டரை விரித்துவைத்துப் பார்த்துப் பார்த்து, நோன்புப் பெருநாளுக்கும் குருத்தோலை ஞாயிறுக்கும் நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமையைக் கண்டுபிடித்தோம். எங்கள் ஊரின் பண்பாடு என்னவென்று யாராவது கேட்டால் அந்தக் கலண்டரைத்தான் காட்டவேண்டும் என்று கணிதம் படிப்பிக்கிற ஆசிரியர் சொன்னார்.

கடைசியாகப் போன வீடு வயல் ஊரான உன்னிச்சைப் பக்கம். அந்த வீட்டுப் பிள்ளை நாவற்குடாவில் மாமியின் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். நல்ல கெட்டிக்காரி. பெற்றோரை அழைத்து எல்லாருக்கும் கொடுத்த கடிதத்தை அவளும் வாங்கிக்கொண்டு போனாள். தாய் தகப்பனுக்கு வேலை, வர ஏலாது என்று பதில் சொன்னாள். நான் அதை அப்படியே விட்டிருப்பேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் போவதாக அதிபரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்ததால் கணவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு காலையில் புறப்பட்டேன்.

தாய் முற்றத்தில் புதுநெல்லைக் காயப்போட்டு, காலால் துழாவிக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்து, மெலிந்து, உரத்த குரலோடு இருந்தார். வயல் வட்டையில் வெட்டு முடிந்து நாலு நாள்தான் என்றார். இப்போது எல்லாம் மெஷின்தான், ஆனாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கான நெல்லைத் தன் கையாலேயே காயவைத்தால்தான் மனம் ஆறும் என்றார். ரீச்சர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாவே, மகளுக்கு ஏதும் சுகமில்லையோ என்று பயந்தது முகத்தில் தெரிந்தது. இல்லை, கடிதம் அனுப்பினோமே, அந்த விஷயமாக வந்தேன் என்றேன்.

“கடிதமா? எங்களுக்கு ஒரு கடிதமும் வரல்லயே.”

எங்காவது தவறியிருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் குனிந்து, கால்மாட்டில் கிடந்த நெல்லைக் கையால் பரப்பினார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது. மகள் போன லீவில் வந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு வந்தால் இப்படிச் சத்தமாகக் கதைக்கவேண்டாம் அம்மா என்று சொன்னாளாம். சின்னப்பிள்ளைதானே என்று தான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றார். அவருடைய குரல் அப்போதுதான் முதல்முறையாகத் தணிந்தது.

கணவர் முற்றத்து வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார். நிகழ்ச்சியில் என்ன நடக்கும் என்று நான் விளக்கினேன். வரவேண்டும் என்று கட்டாயமில்லை என்றும் சொன்னேன். தங்களிடம் காட்டுவதற்கு ஒரு விசேஷமும் இல்லையே என்றார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அப்ப நான் வரத்தான் வேணும் ரீச்சர். அவக்கிட்ட ஒண்டும் சொல்லாதீங்க. நான் வாறன்.”

அந்தச் சனிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது காவலாளி இன்னும் கேற்றைத் திறக்கவில்லை. உன்னிச்சைத் தாய் முதல் பஸ்சில் வந்து மதில் ஓரமாக நின்றார். நல்ல நீலச் சேலை, தலையில் பூ, கையில் நெல் புடைக்கிற சுளகு, காலடியில் ஒரு பை நெல். தன்னோடு யாரை இருத்தப்போகிறேன் என்று கேட்டார். காத்தான்குடி உம்மாவோடும் தச்சரோடும் என்றேன். தலையை ஆட்டினார்.

மண்டபத்தில் அதிபர் சொன்னபடி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மேடையில் பூச்சாடிகளும் வைத்திருந்தார். ஒலிபெருக்கிக்காரர் வந்து வயர் இழுத்துவிட்டு, யாரும் வராததால் அங்கேயே ஒரு நாற்காலியில் நித்திரையாகிவிட்டார். சனமெல்லாம் வகுப்பறைகளுக்குள்தான். வலயத்திலிருந்து வந்த அம்மணியையும் நான் நேரே தரம் எட்டு வகுப்புக்குக் கூட்டிப்போய், பிள்ளைகளின் வாங்கில் ஒரு ஓரத்தில் இருக்கச் சொன்னேன்.

முதலில் களை கட்டியது தச்சரின் மேசைதான். உங்கட வீட்டுப் பாசையில் ஏதாவது சொல்லுங்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஏற்கெனவே நீங்கள் அதைத்தானே கதைக்கிறீர்கள் என்றார் அவர். பிள்ளைகள் இல்லை என்றார்கள். அவர் ஒரு மேசையைத் தட்டி, இது என்ன என்று கேட்டார். மேசை. நீ இருக்கிறது? கதிரை. அங்கே நிற்கிறது? அலுமாரி. காலில் போட்டிருப்பது? சப்பாத்து. கதவைத் திறக்கிறது? சாவி. இதெல்லாம் போர்த்துக்கேயரோடு கப்பலில் வந்து எங்கள் வீட்டு வழியாக உங்கள் வாய்க்குள் நுழைந்த சொற்கள் என்றார். “நான் செய்யிற சாமான் முழுக்க எங்கட பேர்லதான் விக்குது. நீங்கதான் தெரியாம இரிக்கிறீங்க,” என்றார். அதற்குப் பிறகு பிள்ளைகள் வகுப்பறையில் உள்ள ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு, இது யாருடையது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போன வருடம் நான் அவருக்குப் பதிலாக ஒருவனுக்குக் கறுத்தக் கோட்டுப் போட்டு ஆடவிட்டதை நினைத்துக்கொண்டேன்.

உன்னிச்சைத் தாயின் மேசையில் முதலில் யாரும் அதிகம் நிற்கவில்லை. அவருடைய மகள் வெளியே விறாந்தைத் தூணோடு நின்றாள். தாயைக் கண்டதும் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். உள்ளே வரவில்லை. தாயும் அவளைக் கூப்பிடவில்லை. நெல்லைச் சுளகில் கொட்டிப் புடைக்கத் தொடங்கினார். பதர் பறந்து வலயத்து அம்மணியின் சேலையில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தார். பிள்ளைகளும் போனார்கள். ஒரு பையன் வாங்கிப் புடைத்து, பதரோடு நெல்லையும் சேர்த்து நிலத்தில் கொட்டினான். தாய் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடுத்த வகுப்பறைக்கும் கேட்டிருக்கும்.

காத்தான்குடி உம்மாவிடம் பிள்ளைகள் முதலில் பெருநாள் உடுப்பு, நோன்புக் கஞ்சி என்று தெரிந்ததையே கேட்டார்கள். பிறகு ஒரு பிள்ளை, உங்கள் வீட்டுக்காரர் கட்டாரில் என்றால் வீட்டை யார் பார்க்கிறது என்று கேட்டாள்.

“வீடு என்ட தானே. எங்கட உம்மா எனக்குத் தந்த வீடு. நாளைக்கி என்ட மகளுக்கு நான் குடுக்கணும்.”

புடைத்துக்கொண்டிருந்த சுளகு நின்றது. “உங்களுக்கும் அப்பிடியா?” என்று உன்னிச்சைத் தாய் கேட்டார். தங்களிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார் என்றார். தங்களிலும் அதேதான் என்றார் உம்மா. பிறகு இரண்டு பேரும் பிள்ளைகளை மறந்துவிட்டார்கள். உங்களுக்குக் குலம் மாதிரிக் குடி இருக்கிறதா என்று இவர் கேட்க, ஓம், உம்மா வழியில்தான் வரும், ஒரே குடிக்குள் கலியாணம் கட்டமாட்டோம் என்று அவர் சொன்னார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் குடியின் பெயரைச் சொன்னார்கள். பெயர் வேறு, வழக்கம் ஒன்று. கணிதம் படிப்பிக்கிற ஆசிரியர் யாழ்ப்பாணத்தவர். இதெல்லாம் தனக்குப் புதிது என்று ஒரு பிள்ளையின் கொப்பியைப் பறித்து எழுதத் தொடங்கினார். தச்சர் அந்தப் பக்கத்திலிருந்து, “நானும் மனுசிட வீட்டுலதான் இரிக்கன். எங்கட ஆக்களில சட்டம் இல்ல, பயம்தான்,” என்றார். வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் உன்னிச்சைத் தாய் தன் கலியாணக் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தார். மாப்பிள்ளை ஊர்வலம் வாசல் கடப்படிக்கு வந்ததும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டு உள்ளே எடுப்பார்கள் என்றார். தன் கூடப்பிறந்த ராத்தாவின் கலியாணத்திலும் குரவை போட்டார்கள் என்று ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். அது கோயிலில் போடுகிறதுதானே, நீங்களும் போடுவீர்களா என்று தமிழ்ப் பிள்ளைகள் நம்பாமல் கேட்டார்கள். எல்லாரும் உம்மாவைப் பார்த்தார்கள். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இப்போது குறைவு, கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு என்றார். கொஞ்சம் பொறுத்து, தன் கலியாணத்துக்குப் போட்டார்கள், தனக்கும் போடத் தெரியும் என்றார்.

போட்டுக் காட்டுங்களேன் என்று ஒரு பிள்ளை கேட்டாள். மேடை கட்டுகிறவளின் கை துறுதுறுத்தது என்பது உண்மை. ஆனால் இதை நான் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“ஆம்புளையள வெளிய போகச் சொல்லுங்க ரீச்சர். கதவச் சாத்துங்க.”

யாழ்ப்பாண ஆசிரியரும் தச்சரும் பையன்களும் ஒரு சத்தமும் இல்லாமல் வெளியே போனார்கள். நான் கதவைச் சாத்தினேன். உம்மா முக்காட்டின் ஓரத்தை வாயருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் குரவை போட்டார். மெல்லியதாகத் தொடங்கி, நீண்டு, உயர்ந்தது. அவர் மூச்சு எடுக்க நிறுத்திய இடத்தில் உன்னிச்சைத் தாய் எடுத்தார். ஊரெல்லாம் கேட்கிற அந்தக் குரல். பிறகு இருவரும் சேர்ந்து போட்டார்கள். வலயத்து அம்மணிக்கு என்ன தோன்றியதோ, மூன்றாவதாக அவரும் சேர்ந்துகொண்டார். இத்தனை வருடமாக மேடையில் நான் வரவழைக்கப் பாடுபட்ட அமைதி அந்த வகுப்பறையில் தானாக வந்து நின்றது.

வெளியே அதிபர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்திருக்கிறார். தச்சர் கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று, உள்ளே கலியாணம் நடக்குது சேர், பொறுங்கள் என்று தடுத்தாராம்.

கதவைத் திறந்தபோது உன்னிச்சைப் பிள்ளைதான் முதலில் உள்ளே வந்தாள். விறாந்தையில் நின்ற பிள்ளைகளெல்லாம், அந்தப் பெரிய சத்தம் யாருடையது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது எங்கட அம்மா என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. யாரையும் பார்க்காமல் தாயின் மேசைக்குப் போய், நிலத்தில் சிந்திக் கிடந்த நெல்லைக் கூட்டி அள்ளினாள். தாய் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுளகை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அடுத்த அரை மணித்தியாலம் அந்த மேசையை அவள்தான் நடத்தினாள். சுளகை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுத்தாள். ஒருவருக்கும் சரிவரவில்லை, அவளுக்கு மட்டும் ஒரு நெல்லும் சிந்தவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் அவள் என் அறைக்கு வந்து, கடிதத்தைத் தான்தான் கொடுக்கவில்லை என்றாள். தெரியும் என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அதை நீயே அம்மாவிடம் கேள் என்றேன். கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் அதன்பிறகு நடந்த பெற்றோர் கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்தத் தாய் வந்தார், சத்தமாகத்தான் கதைத்தார்.

எல்லாம் நான் நினைத்தபடி நடந்துவிடவில்லை. மூன்று குடும்பங்கள் கேட்டும் வரவில்லை. ஒரு வகுப்பறையில் இரண்டு தகப்பன்மார் அரசியல் பேசிக் குரலை உயர்த்திவிட்டார்கள். குரவை போட்ட விஷயம் காத்தான்குடிக்கும் போய், உம்மாவிடம் சிலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு நான் பதறிக்கொண்டு போன் எடுத்தேன். “எனக்குத் தெரிஞ்சுதானே செஞ்ச நான். நீங்க ஏன் கவலப்படுறீங்க?” என்றார். எனக்குத் தைரியம் சொல்லத்தான் அவர் போனை எடுத்தது போல இருந்தது.

அந்த இரண்டு தாய்மாரும் நம்பர் வாங்கிக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். சில மாதத்தில் உன்னிச்சைப் பிள்ளை பெரியபிள்ளையானாள். சடங்குக்கான சட்டையை உம்மாதான் தைத்தார். தைத்ததைப் பஸ்சில் கொடுத்துவிடாமல், மகளையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் நேரே கொண்டுபோனார். என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தலுக்குள் சனம் நிறைந்திருந்தது. பிள்ளைக்குச் சட்டை தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால், உம்மா அறைக்குள் இருந்து அதைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரம் வந்ததும் அந்தத் தாய் எங்களைத் தனியாக ஒரு பக்கம் கூட்டிப்போனார். சோறு, குளத்து மீன் குழம்பு, கீரைச் சுண்டல், பருப்பு. எல்லாம் வேறு இறைச்சி எதுவும் படாத புதுச் சட்டியில் வேறாகச் சமைத்தது என்று, மூடியைத் திறந்துகொண்டே சொன்னார். அகப்பையும் புதிதாம்.

“இதுக்குண்டு புதுச் சட்டி வாங்கினீங்களா? என்னத்துக்கு இந்தச் செலவு?” என்று உம்மா கேட்டார்.

“சட்டிதானே. மறுகா நான் பாவிப்பன். நீங்க சாப்பிடுங்க.”

உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைத்தார். மீன் குழம்பில் புளி கொஞ்சம் கூடிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அவர் அதை வாய்விட்டே சொன்னார். அந்தத் தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அப்படியென்றால் அடுத்தமுறை நீங்கள் வந்து ஆக்குங்கள் என்று உரத்துச் சிரித்தார். நான் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.